ஊசியில் ஏற்றினால் தாய்ப்பாசம் வருமா?

கே: ஆக்ஸிடோசின்தான் தாய்ப்பாச ஹார்மோன் என்கிறார்கள். தாயில்லாக் குட்டியைச் சேர்க்க மறுக்கும் செம்மறி ஆட்டுக்கு அந்த ஊசியைப் போட்டால் என்ன?

ப: பால் இறங்கும், பாசம் வராது. ஊசி மருந்து ரத்தத்தோடு மடிக்குப் போய்விடும். ரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவிலுள்ள தடுப்போ 9 அமினோ அமிலம் கொண்ட இந்த மூலக்கூறை லேசில் உள்ளே விடாது. பாசத்துக்கான ஆக்ஸிடோசின் மூளைக்குள்ளேயே சுரந்தாக வேண்டும். குட்டி வெளியே வரும்போது பிறப்புப் பாதை விரிகிறது. அந்தச் சேதி தண்டுவடம் வழியே ஏறி மூளையின் அடிப்பகுதியிலுள்ள ஹைப்போதலாமஸைத் தொட்டதும் சுரப்பு தொடங்கும். சினையின் கடைசியில் கூடும் பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜன் அதற்கு முன்பே மூளையைப் பதப்படுத்தி வைத்திருக்கும். அந்த வேளையில்தான், அதுவரை முகம் சுளித்த பனிக்குட நீர் வாடை ஆட்டுக்குப் பிடித்துப்போகிறது. நக்க நக்கக் குட்டியின் வாசனை பதிகிறது. இதெல்லாம் சில மணி நேரக் கூத்து. பிறகு வரும் குட்டியை முட்டித் தள்ளும்.

எனவே ஆடு ஈனும்போதே பக்கத்தில் இருங்கள். வளர்ப்புக் குட்டியை அந்தப் பனிக்குட நீரில் நன்றாக நனையுங்கள். வால்பகுதியை விட்டுவிடாதீர்கள், பால் குடிக்கும் குட்டியை ஆடு மோந்து பார்ப்பது அங்கேதான். சொந்தக் குட்டியை நக்கி முடிக்கும்முன் மூக்கருகே விடுங்கள். குட்டி சில நாள் வளர்ந்து துள்ளி ஓடினால் ஆட்டுக்குச் சந்தேகம் வந்துவிடும். அதனால் அந்தக் குட்டியின் கால்களைத் தளர்வாகக் கட்டிக் கிடத்துவது வழக்கம்.

கே: ஹார்மோன் ஒன்றுதான் என்றால், சில எலிகள் மட்டும் ஜோடி பிரியாமல் வாழ்வது ஏன்?

ப: அதைப் பிடித்துக்கொள்ளும் ஏற்பிகள் மூளையில் எங்கே இருக்கின்றன என்பதுதான் விஷயம். ப்ரேரி வோல் என்ற எலி வகை ஜோடி சேர்ந்து வாழும். அதன் உறவான மெடோ வோல் அப்படியில்லை. 2004-இல் மெடோ வோல் ஆண்களின் முன்மூளையில், ஆக்ஸிடோசினை ஒத்த இன்னொரு ஹார்மோனான வாசோபிரசினின் ஏற்பிக்கான மரபணுவைக் கூடுதலாகச் செலுத்தியதும், அவை பழகிய துணையோடு ஒட்டிக்கொண்டன. அதற்காக எல்லாமே ஏற்பிதான் என்றும் அடித்துச் சொல்ல முடியாது: ஆக்ஸிடோசின் ஏற்பியே இல்லாமல் உருவாக்கிய ப்ரேரி வோல்களும் ஜோடி சேர்ந்ததாக 2023-இல் ஓர் ஆய்வு காட்டியது.

கே: விரை நீக்கிய பிறகும் நாய் கடிக்கிறதே?

ப: எதைக் கண்டு கடிக்கிறது என்று பாருங்கள். ஊர் சுற்றுவதும் ஆங்காங்கே சிறுநீர் தெளிப்பதும் விரையில் சுரக்கும் ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோனை நம்பியவை, பெரும்பாலும் குறையும். பயத்தில் கடிப்பது வேறு கணக்கு. அதற்கு அறுவை தீர்வில்லை. தவிர, பிறப்பை ஒட்டிய நாட்களிலேயே அந்த ஹார்மோன் ஆண் மூளையை வார்த்துவிடுகிறது. பின்னாளில் விரையை எடுப்பதால் அந்த வார்ப்பு அழியாது.