எடைக்குறைப்பு அறுவைக்குப் பின் பிறக்கும் குழந்தை

கேள்வி: முதல் பிரசவத்தின்போது எனக்கு மிகுந்த பருமனும் கர்ப்பகால நீரிழிவும் இருந்தன. எட்டு மாதங்களுக்கு முன் இரைப்பை பைபாஸ் (இரைப்பையைச் சிறிதாக்கிச் சிறுகுடலோடு நேரே இணைக்கும்) அறுவை செய்துகொண்டேன். எடை இன்னும் குறைந்துவருகிறது. இப்போது கருத்தரித்தால், இரண்டாவது குழந்தைக்காவது பருமனும் சர்க்கரை நோயும் வராமலிருக்குமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: நம்பிக்கைக்கு இடமுண்டு, ஆனால் இப்போதே கருத்தரிக்க வேண்டாம் என்பதே என் உறுதியான ஆலோசனை.

தாயின் இரத்தத்தில் மிகும் குளுக்கோஸ் நஞ்சுக்கொடி வழியே கருவைச் சென்றடைகிறது. தாயின் இன்சுலின் அப்படிச் செல்வதில்லை. ஆகவே கருவின் கணையமே கூடுதலாக இன்சுலின் சுரந்து, மிகையான சர்க்கரையைக் கொழுப்பாகச் சேர்த்துவைக்கிறது. அவ்வாறு வளர்ந்த குழந்தைக்குப் பிற்காலத்தில் பருமனும் இன்சுலின் எதிர்ப்பும் (இன்சுலின் இருந்தும் உடலில் சரிவர வேலை செய்யாத நிலை) வரும் வாய்ப்பு அதிகம். கனடாவின் கியூபெக் மாநிலத்தில், அறுவைக்கு முன்னும் பின்னும் அதே தாய்மாருக்குப் பிறந்த பிள்ளைகளை ஒப்பிட்டு 2009இல் வெளியான ஆய்வில், முன்பு பிறந்தவர்களில் 35 சதவீதத்தினருக்கும் பின்பு பிறந்தவர்களில் 11 சதவீதத்தினருக்கும் கடும் பருமன் இருந்தது. பின்பு பிறந்தவர்களின் உடலில் இன்சுலினும் நன்றாகவே வேலை செய்தது. எனினும் அத்தாய்மார் செய்துகொண்டது, குடலின் பெரும்பகுதியைத் தவிர்க்கும் வேறுவகை அறுவை. பைபாஸ் செய்துகொண்ட ஸ்வீடன் தாய்மாரின் பிள்ளைகளிடம் அத்தகைய வேறுபாடு காணப்படவில்லை என்பதால், கியூபெக் முடிவை உங்களுக்கு அப்படியே பொருத்திச் சொல்ல நான் துணிய மாட்டேன்.

மற்றொரு பக்கமும் உண்டு. 2015இல் வெளியான ஸ்வீடன் ஆய்வில், அதே அளவு பருமன் இருந்தும் அறுவை செய்யாதவர்களோடு ஒப்பிட, அறுவை செய்துகொண்டோரிடம் கர்ப்பகால நீரிழிவு 6.8 சதவீதத்துக்குப் பதில் 1.9 சதவீதமாக இருந்தது. ஆனால் வளர்ச்சி குன்றிப் பிறந்த குழந்தைகள் 7.6 சதவீதத்துக்குப் பதில் 15.6 சதவீதம். கருவில் ஊட்டம் குறைந்து மெலிந்து பிறப்பதும் பிற்கால நீரிழிவுக்கு வழிவகுக்கக்கூடியதே. எடை வேகமாகக் குறையும் காலத்தில் கருத்தரிப்பதை மருத்துவர்கள் தடுப்பது இதனால்தான்.

அறுவைக்குப் பின் குறைந்தது 12 முதல் 18 மாதங்கள் கழித்து, எடை நிலைத்தபின் கருத்தரியுங்கள். அதற்கு முன்பே இரும்புச்சத்து, பி12, ஃபோலிக் அமிலம், வைட்டமின் டி அளவுகளைச் சோதித்துக் குறையைச் சரிசெய்துகொள்ளுங்கள். அதுவரை கருத்தடை மாத்திரையை மட்டும் நம்ப வேண்டாம்; பைபாஸுக்குப் பின் அது உடலில் சரிவர உறிஞ்சப்படாமல் போகலாம்.

கர்ப்பத்தில் குளுக்கோஸ் கரைசல் குடித்துச் செய்யும் பரிசோதனைக்கு அழைத்தால், உங்கள் அறுவையைப் பற்றி முதலிலேயே சொல்லிவிடுங்கள். பைபாஸ் ஆனவர்களுக்கு அக்கரைசல் சிறுகுடலில் சட்டென இறங்கி வியர்வை, படபடப்பு, மயக்கம் உண்டாக்கக்கூடும். அதற்குப் பதிலாக 24 முதல் 28 வாரங்களுக்குள், ஒரு வாரம் வெறும் வயிற்றிலும் ஒவ்வொரு வேளை உணவுக்குப் பின்பும் விரல்நுனி இரத்தத்தில் சர்க்கரையைப் பார்த்துக் குறித்துவரலாம்.