வாசகர் கேள்வி - விளையாட்டுப் பகுதி: மறைந்த கூடைப்பந்து வீரருக்கு நினைவு மலரும் போட்டியும்

கேள்வி: 1970-களின் கடைசியில் எங்கள் கல்லூரி அணிக்கு ஆடிய நண்பர் அண்மையில் காலமானார். அவருக்காக நினைவு மலர் கொண்டுவருகிறோம். 'அழகப்பா பல்கலைக்கழக அணியில் ஆடியவர், மூன்று புள்ளி வீச்சில் மன்னர், ஒரே ஆட்டத்தில் 40 புள்ளி எடுத்தவர்' என்று ஒருவர் எழுதித் தந்திருக்கிறார். பழைய ஸ்கோர்ஷீட்டுகள் சில கிடைத்துள்ளன. எதை நம்பி அச்சில் போடலாம்?
- வாசகர், காரைக்குடி

பதில்: உங்கள் நண்பருக்கு எங்கள் அஞ்சலி. எழுதி வந்ததில் முதல் இரண்டையும் அப்படியே போடாதீர்கள். அழகப்பா பல்கலைக்கழகம் 1985-ல்தான் தொடங்கியது. அதற்கு முன் காரைக்குடிக் கல்லூரிகள் மதுரைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்திருந்தன. அது மதுரை காமராசர் பல்கலைக்கழகம் என்று பெயர் மாறியது 1978-ல். சிவகங்கை மாவட்டம் பிறந்ததும் 1985-ல்தான். ஆகவே அவருடைய சான்றிதழில் மதுரை என்றும் இராமநாதபுரம் மாவட்டம் என்றும் இருந்தால் குழம்ப வேண்டாம், அதுதான் சரி.

மூன்று புள்ளிக் கோட்டைச் சர்வதேசக் கூட்டமைப்பான ஃபிபா ஏற்றது 1984-ல். உங்கள் நண்பர் ஆடிய காலத்தில் எவ்வளவு தூரத்திலிருந்து போட்டாலும் இரண்டு புள்ளிதான். 'தூரத்திலிருந்து குறி தவறாமல் போடுவார்' என்று எழுதுங்கள். உண்மையும் அதுதான், அவருக்குப் பெருமையும் அதுதான். 40 புள்ளி என்பது உறுதியானால் சாதாரணக் காரியமல்ல. 20 நிமிடம் வீதம் இரண்டு பாதி ஆடிய காலம் அது. தவறு செய்த எதிரணிக்குத் தண்டனையாகக் கிடைக்கும் ஒரு புள்ளி வீச்சான ஃப்ரீ த்ரோவே இல்லை என்று வைத்துக்கொண்டால் இரண்டு நிமிடத்துக்கு ஒரு கூடை விழுந்திருக்க வேண்டும். இந்தக் கணக்கை மலரில் இரண்டு வரியில் சொல்லுங்கள். மூன்று புள்ளி ஆட்டத்தை மட்டுமே பார்த்து வளர்ந்த பேரப்பிள்ளைகளுக்கு அப்போதுதான் அதன் அருமை தெரியும்.

அதை உறுதிசெய்ய ஸ்கோர்ஷீட் போதும். புள்ளி ஏற ஏறக் குறித்து வரும் 'ரன்னிங் ஸ்கோர்' கட்டங்களில் அணியின் எண்ணிக்கை மேல் சாய்கோடு இருந்தால் கூடை, கருப்புப் பொட்டு இருந்தால் ஃப்ரீ த்ரோ. பக்கத்தில் இருப்பது போட்டவரின் பனியன் எண். அவர் எண்ணை மட்டும் எண்ணிவிட்டு நிறுத்தாதீர்கள். அணியில் எல்லாருடைய புள்ளிகளையும் கூட்டி, தாளின் அடியில் உள்ள மொத்தத்தோடு ஒப்பிடுங்கள். இடித்தால் எங்கோ ஓர் எண்ணைத் தவறாகப் படித்திருக்கிறீர்கள். கார்பன் நகலில் 5-ம் 6-ம், 9-ம் 4-ம் எளிதில் மயங்கும். வீரர் பட்டியலை ஒவ்வொரு தாளிலும் தனித்தனியாகப் பாருங்கள். கல்லூரிக்கு ஒரு எண், பல்கலைக்கழக அணிக்கு வேறு எண் என்று ஆடியவர்கள் நிறையப் பேர். ரீபவுண்டும் (கூடையில் விழாமல் திரும்பும் பந்தைப் பிடிப்பது) பாஸும் அந்தத் தாளில் ஏறாது, எனவே அவற்றுக்கு எண்ணிக்கை சொல்லாதீர்கள். கூட ஆடியவர்களின் சொல்லாகப் போடுங்கள்.

மங்கிய தாளைக் காலை வெயில் சாய்வாக விழும் ஜன்னலருகே வைத்துப் படம் எடுங்கள், அழுந்திய எழுத்து நிழலோடு தெரியும். லேமினேஷன் மட்டும் வேண்டாம். அந்தச் சூட்டில் ஒட்டிய தாளைப் பிறகு பிரிக்கவே முடியாது.

கேள்வி: அண்ணன் நினைவாக அவர் படித்த கல்லூரியின் பழைய சிமென்ட் கோர்ட்டில் எட்டு அணிகளை வைத்து ஒரே நாளில் நாக்-அவுட் போட்டி நடத்த நினைக்கிறோம். சரிவருமா?
- வாசகி, தேவகோட்டை

பதில்: ஒரே நாளில் வராதும்மா. எட்டு அணி என்றால் ஏழு ஆட்டம். இடைவேளை, டைம் அவுட் எல்லாம் சேர்ந்து ஒரு ஆட்டத்துக்கு ஒன்றரை மணி நேரம் ஆகும். மொத்தம் பத்தரை மணி நேரம். நம் பக்கத்து வெயிலில் பகல் பத்து மணிக்கு மேல் சிமென்ட் தரையில் பிள்ளைகளை ஓடவிடக் கூடாது. காலை 6.30-க்கு இரண்டு ஆட்டம், மாலை 4-க்கு மேல் விளக்கு வெளிச்சத்தில் இரண்டு ஆட்டம் என்று இரண்டு நாளாகப் பிரியுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் மழை. தைப்பூசத்தை ஒட்டி வைத்தால் பழைய மாணவர்களில் பாதிப் பேர் பழனிக்கு நடந்துகொண்டிருப்பார்கள். மாசி முதல் பாதி நல்லது.

பழைய கோர்ட்டில் முதலில் அளக்க வேண்டியது ரிங். தரையிலிருந்து ரிங்கின் மேல் விளிம்பு வரை 3.05 மீட்டர் இருக்க வேண்டும். பழைய தரை மேல் புதிதாகச் சிமென்ட் பூசிய இடங்களில் பூச்சின் கனம் அளவுக்கு ரிங் தாழ்ந்திருக்கும். பந்து தொடர்ந்து ரிங்கின் பின்விளிம்பில் பட்டுத் திரும்பும், ஆடுபவர் தன் கையைக் குறை சொல்லிக்கொண்டிருப்பார். அடுத்தது ஃப்ரீ த்ரோ கோடு. ரிங் மாட்டியிருக்கும் போர்டின் முகத்திலிருந்து தூக்குநூல் விட்டு, அது தரையைத் தொடும் இடத்திலிருந்து கோட்டின் வெளிவிளிம்பு வரை 4.60 மீட்டர் அளக்க வேண்டும். கம்பத்திலிருந்து அளப்பதால்தான் பல ஊர்களில் இந்தக் கோடு தப்பாகக் கிடக்கிறது.

செம்மண் தூசியை முந்தின நாள் மாலையே கழுவிக் காயவிடுங்கள். ஆட்டத்துக்கு முன் தண்ணீர் தெளித்தால் மிச்சத் தூசி வழுக்கும் சேறாகிவிடும். மௌன அஞ்சலியை வார்ம்-அப்புக்கு முன்பே செலுத்திவிடுங்கள், உடம்பு சூடேறிய பின் பிள்ளைகளை நிறுத்தி வைக்க வேண்டாம். அண்ணனோடு ஆடியவர்கள் இறங்க விரும்பினால் அரை கோர்ட்டில் மூவர் ஆட்டம், ஐந்தைந்து நிமிடமாக இரண்டு பாதி போதும். டாக்டரிடம் கேட்டுவிட்டு வரச் சொல்லுங்கள்.

கேள்வி: கோர்ட்டின் நடுவட்டத்தில் ஆத்தங்குடிக் கல்லில் பெயர் பதிக்கலாமா?
- வாசகர், கானாடுகாத்தான்

பதில்: வேண்டாம். ஆத்தங்குடிக் கல் என்பது சிமென்ட் தரை ஓடு, அதன் முகம் கண்ணாடிப் பலகை மேல் வார்த்தது. ஆட்டம் தொடங்க நடுவட்டத்தில் பந்துக்கு எம்பும் ஜம்ப் பாலில், அந்த வழவழப்பில் கால் வழுக்கும், கல்லும் சிமென்டும் சேரும் விளிம்பு தடுக்கும். வெயிலிலும் மழையிலும் நிறம் வெளுத்துவிடும். கோர்ட்டை ஒட்டிய நிழலான சுவரில், எல்லைக்கோட்டிலிருந்து இரண்டு மீட்டருக்கு அப்பால் பதியுங்கள். பெயர், படித்த ஆண்டுகள், அணியில் ஆடிய ஆண்டுகள், பனியன் எண் ஆகிய நான்கும் இருக்கட்டும். எழுத்தைத் தனிக் கருங்கல்லில் வெட்டி, சுற்றிலும் ஆத்தங்குடிக் கல்லைக் கரையாக வைத்தால் எழுத்து அழியாது, ஊரின் அடையாளமும் இருக்கும்.