ஏப்ரல் தோல்வி – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பேஸ்பால் பருவம் தொடங்கி இரண்டு வாரம்கூட ஆகவில்லை. நேற்று எங்கள் பாஸ்டன் அணியான ரெட் சாக்ஸ், ஒன்பது இன்னிங்ஸ் ஆட்டத்தில் எட்டாவது வரை முன்னிலையில் இருந்துவிட்டு ஒரே ரன்னில் தோற்றது. நன்றாக வீசிக்கொண்டிருந்த பிட்சரை, அதாவது பந்துவீச்சாளரை, ஏன் மாற்றினார்கள்? பின்னால் வந்து கெடுத்த அந்த முட்டாளை விரட்டினால்தான் அணி உருப்படும். "இன்னும் நூற்றைம்பது ஆட்டம் இருக்கிறது, இதற்குப் போய்த் தூங்காமல் கிடப்பார்களா" என்று மனைவி சிரிக்கிறாள். நான் கொதிப்பது பைத்தியக்காரத்தனமா?

க., பாஸ்டன்

அன்புள்ள க.,

பிட்சரை மாற்றியதைப் பற்றி நான் பேசப்போவதில்லை. மாற்றாமல் தோற்றிருந்தால், ஏன் மாற்றவில்லை என்று இதே சூட்டோடு எழுதியிருப்பீர்கள். ஆனால் உங்கள் மனைவி சொன்ன ஆறுதல் நான் பல ஆண்டுகளாக மனத்துக்குள் எதிர்த்து வாதாடிவரும் ஒன்று. ஒரு பருவத்தின் 162 ஆட்டங்களில் ஏப்ரல் தோல்விக்கும் செப்டம்பர் தோல்விக்கும் எடை ஒன்றுதான்.

2011 ஏப்ரலில் பாஸ்டனில் மகள் வீட்டில் தங்கியிருந்தேன். கீழ்வீட்டு முதியவர் ஒவ்வொரு ஆட்டத்தையும் பென்சிலால் ஸ்கோர் புத்தகத்தில் எழுதுவார். மட்டையை வீசாமலே மூன்றாவது ஸ்ட்ரைக்கில் (அடிக்கத் தவறியதாக எண்ணப்படும் பந்தில்) வெளியேறியவனுக்கு, அந்த அவுட்டின் குறியான ஆங்கில 'கே' எழுத்தைக் கண்ணாடியில் பார்ப்பதுபோலத் திருப்பிப் போடுவார். ஏப்ரல் 7 மதியம் கிளீவ்லாந்தில் நடந்த ஆட்டத்தை அவருடன் உட்கார்ந்து பார்த்தேன். எட்டாவது இன்னிங்ஸில் கிளீவ்லாந்தின் அஸ்ட்ரூபல் கப்ரேரா பந்தை மட்டையால் மெல்லத் தட்டிவிட, மூன்றாவது பேஸிலிருந்து (ரன் எடுக்க ஓட்டக்காரர் வரிசையாகத் தொட்டுவர வேண்டிய இடங்களில் ஒன்று) ஓடிவந்தவர் ரன் எடுத்தார். ஆட்டத்தின் ஒரே ரன் அதுதான். ஒன்பதாவதில் பாஸ்டன் ஓட்டக்காரர் இரண்டாவது பேஸைத் தாண்டி ஓடிவிட்டுத் திரும்ப முடியாமல் அவுட்டானார். தொடர்ந்து ஆறாவது தோல்வி. உங்கள் மனைவி சொன்னதையே நானும் சொன்னேன். முதியவர் பதில் பேசாமல் பென்சிலைச் சீவத் தொடங்கினார்.

செப்டம்பர் தொடக்கத்தில் போட்டி அணியான டாம்பா பேயைவிட ஒன்பது ஆட்டங்கள் முன்னால் இருந்த அதே அணி, அந்த மாதத்தில் மட்டும் இருபது முறை தோற்று, 28-ஆம் தேதி இரவு பால்டிமோரிடம் 3-4 என்று வீழ்ந்தது. சில நிமிடங்களில், யாங்கீஸிடம் 0-7 என்று பின்தங்கியிருந்த டாம்பா பே, பன்னிரண்டாவது இன்னிங்ஸில் எவான் லொங்கோரியா அடித்த ஹோம் ரன்னால் 8-7 என்று வென்றுவிட்டது. பாஸ்டனுக்கு 90 வெற்றிகள், டாம்பா பேக்கு 91; அடுத்த சுற்றுக்குப் போனது அவர்கள்தான். ஊரே செப்டம்பரைத் திட்டியது. ஏப்ரல் 7-ஐ வென்றிருந்தால் இரு அணிகளும் சமமாக நின்று, முடிவு செய்ய இன்னோர் ஆட்டமாவது கிடைத்திருக்கும் என்பதை யாரும் நினைக்கவில்லை, கீழ்வீட்டுக்காரர் நினைத்திருப்பார்.

ஆகவே கொதியுங்கள், தூங்காமல் கிடங்கள். ஆனால் 'முட்டாள்' என்று எழுத உங்களுக்கு வெட்கமாக இல்லையா? அறுபதடி தூரத்தில் மட்டையோடு நிற்பவனுக்கு, முப்பதாயிரம் பேர் கத்திக்கொண்டிருக்க, பந்தைச் சரியான உயரத்தில் வீச வேண்டிய வேலை அவனுடையது. ஒன்று சற்று மேலே போய்விட்டது. சோபாவில் சாய்ந்துகொண்டு அவன் பிழைப்பில் மண்ணைப் போடும் அதிகாரத்தை உங்களுக்கு யார் கொடுத்தது?

இதை உங்கள் மனைவியிடம் படித்துக்காட்ட வேண்டாம். அவர் சிரித்ததுதான் சரி என்று என் மனைவியும் சொல்கிறாள்.