பத்தாம் வகுப்பு முழுமைக்கும் ஒரே ஆசிரியர் வழிகாட்ட முடியுமா?

கேள்வி: கோபி பக்கம் அரசு உயர்நிலைப் பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன். பத்தாம் வகுப்பில் 42 பேர். பெற்றோரில் பாதிப் பேர் மில்லுக்கோ பனியன் கம்பெனிக்கோ போகிறவர்கள். தனித்தனியாகப் பேச நேரமில்லை. மொத்தமாக உட்கார வைத்து மேற்படிப்புக்கு வழிகாட்டினால் பலன் இருக்குமா?

பதில்: இருக்குங்க. ஆனால், 42 பேரையும் ஹாலில் உட்கார வைத்து வெளியாள் ஒருவரைப் பேச விட்டால் கைதட்டலோடு முடிந்துவிடும். ஆறாறு பேராக ஏழு குழு பிரியுங்கள். வாரம் ஒரு பாடவேளை, ஐந்து வாரம் போதும். அரையாண்டுத் தேர்வுக்கு முன்பே முடித்துவிடுங்கள். ரிசல்ட் வந்தபின் தொடங்கினால், லீவில் வேலைக்குப் போன பிள்ளையின் சம்பளத்துக்கு வீடு பழகியிருக்கும்.

முதல் வாரம் ஒவ்வொரு குழுவுக்கும் பிள்ளைகள் அறிந்த ஓர் இடம்: திருப்பூர் பனியன் கம்பெனி, கரூர் பஸ் பாடி பட்டறை, நாமக்கல் கோழிப்பண்ணை, அரசு ஆஸ்பத்திரி. அங்கே இருக்கும் வேலைகளையெல்லாம் சார்ட்டில் எழுதட்டும். பனியன் கம்பெனி என்றால் டெய்லர், செக்கிங்கோடு நின்றுவிடுவார்கள். துணி வெட்ட அளவு வரையும் பேட்டர்ன் மாஸ்டர், ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர், மெஷின் மெக்கானிக், சாயப்பட்டறை லேப் வரை நீங்கள்தான் இழுத்துப்போக வேண்டும். அடுத்த வாரம் அந்த வேலையிலிருந்து பின்னோக்கிப் பத்தாம் வகுப்பு வரை கோடு போடச் சொல்லுங்கள். பத்து முடித்து இரண்டு வருட ஐ.டி.ஐ. படித்தால் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டு சேரலாம், உயிரியல் இல்லாத குரூப் எடுத்தால் பி.எஸ்சி. நர்சிங்குக்கு விண்ணப்பிக்க முடியாது என்பதெல்லாம் அப்போதுதான் மனதில் பதியும்.

மூன்றாவது வாரத்தை முழுதாக ஒரே விஷயத்துக்கு ஒதுக்குங்கள். உங்கள் பள்ளி பத்தோடு முடிகிறது. நல்ல மார்க் வாங்கியவர்களை நாமக்கல், திருச்செங்கோடு பக்கத்துத் தனியார் பள்ளிகள் கட்டணச் சலுகை சொல்லி அழைக்கும். 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குத்தான் மருத்துவம், பொறியியல், வேளாண்மை, சட்டம் போன்ற படிப்புகளில் 7.5 சதவீத உள்ஒதுக்கீடு. கல்லூரியில் மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களும் 11, 12-ஐத் தனியாரில் படித்தால் கைவிட்டுப் போகும். இதைப் பெற்றோரையும் வரவழைத்துச் சொல்வது நல்லது. சலுகைக்கு மயங்கி இதை இழந்துவிடக் கூடாது.

குழுவில் வழக்கமாகக் கெடுவது ஒன்று உண்டு. வாயாடும் ஒரு பிள்ளை பேசும், மற்றவர்கள் தலையாட்டுவார்கள். அதனால் முதலில் மூன்று நிமிடம் பேசாமல் எழுதச் சொல்லுங்கள், பேச்சு அதன்பிறகு. பணக் கஷ்டம், கல்யாணப் பேச்சு போன்றவற்றைக் குழுவில் கேட்கவே கூடாது. மடித்த சீட்டில் வாங்கி, தேவைப்படும் பிள்ளையோடு மட்டும் ஐந்து நிமிடம் தனியாகப் பேசுங்கள்.

நான்காம் வாரம் சான்றிதழ்: சாதி, வருமானம், முதல் தலைமுறைப் பட்டதாரி. ஆதாரிலும் பள்ளிப் பதிவேட்டிலும் பெயர், இனிஷியல் ஒன்றாக இருக்கிறதா என்று அன்றே பாருங்கள். சேர்க்கை நேரத்தில் இ-சேவை மையத்தில் அலைய வைப்பது பெரும்பாலும் இதுதான். கடைசி வாரம் ஒவ்வொருவரும் இரண்டு வழி எழுதித் தரட்டும்: ஆசைப்படுவது ஒன்று, மார்க் குறைந்தால் போவது ஒன்று.

ரிசல்ட் வந்த இரண்டு வாரத்தில் அந்தத் தாள்களை எடுத்து வைத்துக்கொண்டு 42 வீட்டுக்கும் போன் போடுங்கள். எங்கும் சேராத பிள்ளைக்கு ஐ.டி.ஐ. சேர்க்கைத் தேதியைச் சொல்லி, விண்ணப்பத்தைப் பள்ளியிலேயே போட்டுக் கொடுங்கள்.