நான்கு வருடக் காதல்... தேதி குறிக்கப் பயம்!

கேள்வி: நானும் அவரும் சென்னையில் ஐ.டி. வேலையில் இருக்கிறோம். நான்கு வருடக் காதல், இரண்டு வீட்டிலும் சம்மதம். ஆனால், என் நெருங்கிய தோழிகள் இருவர் கல்யாணமாகி மூன்று வருடத்துக்குள் விவாகரத்து வாங்கிவிட்டார்கள். இந்தக் காலத்தில் காதலும் கல்யாணமும் கடைசிவரை நிலைக்குமா? தேதி குறிக்கவே பயமாக இருக்கிறது.
– வாசகி, பெருங்குடி

பதில்: நிலைக்கும். அதற்கு அந்த நான்கு வருடத்தை மட்டும் நம்பாதீர்கள். இதுவரை அவரவர் சம்பளத்தை அவரவர் செலவழித்தீர்கள். கரண்ட் பில்லுக்காகச் சண்டை வந்திருக்காது.

தோழிகளை வைத்துக் காலத்தைப் பழிக்கவும் வேண்டாம். அந்தக் காலத்தில் பல பெண்களுக்குப் போக்கிடமே இல்லை. இந்து திருமணச் சட்டத்தில் பரஸ்பர சம்மத விவாகரத்து வந்ததே 1976-ல்தான்.

தேதி குறிக்கும் முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை இருவரும் சம்பள ஸ்லிப், லோன், கிரெடிட் கார்டு பாக்கி, பெற்றோருக்கு அனுப்பும் தொகை எல்லாவற்றையும் மேஜைமேல் வையுங்கள். 'அம்மாவுக்கு மாதம் 15,000 அனுப்புகிறேன்' என்பதை இப்போது சொன்னால் பேசி முடிவெடுக்கலாம். ஆறு மாதம் கழித்து வங்கி ஸ்டேட்மென்ட்டில் பார்த்தால், தொகையைவிட மறைத்ததுதான் உறுத்தும். உங்கள் பெற்றோருக்கு நீங்கள் அனுப்பப்போவதையும் அன்றே சொல்லிவிடுங்கள். பெண்கள் இதில்தான் தயங்குகிறார்கள். வீட்டுச் செலவைச் சரிபாதியாகப் பிரிக்காமல், சம்பள விகிதத்தில் பிரியுங்கள். அவருக்கு 60,000, உங்களுக்கு 40,000 என்றால், 45,000 ரூபாய் செலவில் அவர் 27,000, நீங்கள் 18,000. மிச்சத்துக்கு யாரும் யாரிடமும் கணக்குக் கேட்கக் கூடாது.

அடுத்தது சண்டை. அமெரிக்க உளவியலாளர் ஜான் காட்மன் தம்பதிகள் வாக்குவாதம் செய்வதைப் பல வருடங்கள் பதிவுசெய்து ஆராய்ந்தவர். சண்டைகளில் சுமார் 69 சதவீதம் தீராமல் திரும்பத் திரும்ப வருபவை என்றார். சந்தோஷமான தம்பதிகளுக்கும் அப்படித்தான். பிரிவுக்குப் பெரிய அறிகுறியாக அவர் கண்டது, இளக்காரம். "ஈர டவலைக் கட்டில்மேல போடாதே" என்பது குறை. "உங்க வீட்ல இதுகூடச் சொல்லித் தரலையா?" என்பது இளக்காரம். முதலாவதை எத்தனை முறை வேண்டுமானாலும் சொல்லுங்கள், இரண்டாவது வேண்டவே வேண்டாம்.

கோபத்தில் நெஞ்சு படபடத்து, நாடித்துடிப்பு 100-ஐத் தாண்டிவிட்டால் எதிராளி சொல்வது எதுவும் மண்டையில் ஏறாது. தணியக் குறைந்தது 20 நிமிடமாவது ஆகும். "அரை மணி நேரம் கழிச்சுப் பேசலாம்" என்று சொல்லிவிட்டு எழுந்து போங்கள், சொன்னபடி திரும்பி வாருங்கள். சொல்லாமல் மொட்டைமாடிக்குப் போய்விட்டு, வந்து படுத்துக்கொண்டால் அடுத்தவருக்கு அது தண்டனை. அந்த அரை மணி நேரத்தில் அம்மாவுக்கு போன் போடக் கூடாது, இருவருமே!

கை நீட்டுவது, போனைப் பிடுங்கிச் சோதிப்பது ஆகியவை இந்தக் கணக்கில் சேராது. அப்படி நடந்தால் பெண்கள் உதவி எண் 181-ஐ அழையுங்கள்.

முதலில் அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு அவரைக் கூப்பிடுங்கள். "அதெல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம்" என்று ஒரு முறை தட்டிக்கழித்தால் பரவாயில்லை. மூன்றாவது முறையும் அதே பதில் வந்தால் தேதி குறிப்பதைத் தள்ளிப்போடுங்கள்.