ஏஎன்ஏ பாசிட்டிவ் என்றால் லூபஸா? கேள்வி பதில்

தொண்டியிலிருந்து: காய்ச்சலுக்கு எடுத்த டெஸ்டில் ஏஎன்ஏ 1:80 பாசிட்டிவ். லூபஸ் வந்துருச்சா?

லூபஸ் என்பது நம் எதிர்ப்புச் சக்தி சொந்த உடம்பையே தாக்கும் நோய். ஏஎன்ஏ என்பது சொந்த செல்லின் கருவைப் பிடிக்கும் ஆன்டிபாடி. 1:80 என்ற அந்த அளவு, நோயே இல்லாத நூறு பேரில் பத்துப் பேருக்கு மேல் இருக்கும். செத்த செல்களின் குப்பையை அள்ளுவதற்கென்றே, தன்னையே பிடிக்கும் ஆன்டிபாடி கொஞ்சம் எல்லார் உடம்பிலும் உண்டு. சொந்த உடம்பைக் கடுமையாகத் தாக்கும் டி செல்கள் என்ற வெள்ளை அணுக்களை, நெஞ்சில் இருக்கும் தைமஸ் சுரப்பி பெரும்பாலும் கழித்துவிடும். தப்பி வருவதை ஒழுங்குபடுத்தும் டி செல்கள் அடக்கும். அந்தப் பிடி தளர்ந்தால்தான் நோய். மூட்டு வீக்கம், வெயில் பட்டால் தடிப்பு, வாய்ப்புண், சிறுநீரில் புரதம் எதுவும் இல்லையா? ரிப்போர்ட்டை மடித்து வையுங்கள். மறுபடி மறுபடி எடுப்பது தண்டச் செலவு.

மண்டபம்: லூபஸ்தான்னு சொல்லிட்டாங்க. பாசி எடுக்கப் போறேன், வெயில் ஏன் ஆகாது?

புற ஊதாக் கதிர் பட்டுத் தோல் செல்கள் சாகும்போது உள்ளே இருக்கும் டிஎன்ஏ வெளியே கொட்டும். உங்கள் ஆன்டிபாடி தேடுவது அதைத்தான். தோலில் தொடங்குவது சிறுநீரகத்தையும் கிளறிவிடலாம். தண்ணீரும் மணலும் கதிரைத் திருப்பி முகத்தில் அடிப்பதால் தொப்பி மட்டும் போதாது அக்கா. முழுக்கைச் சட்டை போடுங்கள். எஸ்பிஎஃப் 50 களிம்பு 2 மணி நேரத்துக்கு ஒருமுறை, கரையேறியதும் இன்னொரு தடவை. நடுப்பகலில் நீர் வற்றும் நாட்களை விட்டுவிடுங்கள். லூபஸுக்குத் தரும் ஹைட்ராக்சிகுளோரோகுயின் மாத்திரையின் அளவு ஒரு நாளைக்கு, எடையில் கிலோவுக்கு 5 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. அது கண்ணைப் பாதிக்கலாம் என்பதால் ஆரம்பத்திலேயே ஒரு கண் பரிசோதனை. 5 ஆண்டுக்குப் பின் வருடாவருடம்.

பாம்பன்: ஹாஷிமோட்டோ தைராய்டுக்குக் கடல்பாசிப் பொடி நல்லதாமே?

வேண்டாம். ஹாஷிமோட்டோ என்பது தைராய்டை நம் எதிர்ப்புச் சக்தியே தாக்குவது; குறை அயோடினில் இல்லை. கடல்பாசியில் நிறைய இருக்கும் அயோடின் மிஞ்சினால் தாக்குதல் கூடவே செய்யும். மீன் தாராளமாகச் சாப்பிடலாம். தைராய்டு மாத்திரை வெறும் வயிற்றில், டீக்கு அரை மணி முன்னால். கால்சியம், இரும்பு மாத்திரை 4 மணி நேரம் தள்ளி.

கீழக்கரை: வாப்பாவுக்கு முடக்குவாதம். மெத்தோட்ரெக்சேட் ஆரம்பித்ததும் வாயெல்லாம் புண்.

தினமும் சாப்பிடுகிறாரா? அது வாரத்துக்கு ஒரே நாள் போடும் மாத்திரை. தினம் போட்டால் எலும்பு மஜ்ஜை ரத்த அணு செய்வதை நிறுத்திவிடும், உயிருக்கே ஆபத்து. அடுத்த மாத்திரையைக் கொடுக்காமல் இன்றே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். ரத்த அணு எண்ணிக்கை, கிரியாட்டினின், ஈரல் பரிசோதனை மூன்றும் வேண்டும். சரியாக வாரம் ஒன்றுதான் என்றாலும் டாக்டரிடம் காட்டுங்கள், வேறொரு நாளில் ஃபோலிக் ஆசிட் எடுக்கிறாரா என்றும் பாருங்கள். மருந்தை மறுபடி தொடங்கச் சொன்னால் அட்டையில் பேனாவால் 'செவ்வாய்' என்று எழுதி வையுங்கள்.

ஏர்வாடி: ஸ்டீராய்டில் வலி போயிருச்சு. நிறுத்திடலாமா?

3 வாரத்துக்கு மேல் சாப்பிட்டிருந்தால் சட்டென்று நிறுத்தாதீர்கள். உடம்புக்கு வேண்டிய ஸ்டீராய்டைச் சுரக்கும் அட்ரீனல் சுரப்பி வேலையை மறந்திருக்கும்; மயக்கம், வாந்தி, ரத்த அழுத்தம் இறங்குவது என்று போகும். டாக்டர் எழுதித் தரும் அளவில் மெல்ல மெல்லக் குறையுங்கள்.