பிளாட்டினம் இல்லாமல் நீரிலிருந்து ஹைட்ரஜன் எடுக்க முடியுமா?

கோத்தகிரியிலிருந்து ஒரு கல்லூரி மாணவர், ஓரணுத் தடிமனுள்ள கரித் தகடான கிராஃபீனோடு மாலிப்டினம் டைசல்பைடைச் சேர்த்தால், மின்சாரத்தால் நீரைப் பிரிக்கும் வினையை வேகப்படுத்தும் வினையூக்கியாக அது பிளாட்டினத்துக்கு ஈடாகுமா என்று கேட்டிருக்கிறார். ஓரளவுக்கு ஈடாகும், முழுமையாக அல்ல.

மசகுப் பொருளாக மெக்கானிக் கடைகளில் புழங்கும் கருந்தூளான மாலிப்டினம் டைசல்பைடு, ஒரு நானோமீட்டருக்கும் குறைவான தடிமனுள்ள தகடுகளின் அடுக்கு. தேயிலைச் செடியில் எத்தனை இலை இருந்தாலும் கொழுந்து மட்டுமே பறிக்கப்படுவதுபோல, இத்தகட்டின் பரந்த முகம் பெரும்பாலும் சும்மா இருக்க, ஹைட்ரஜன் அணுவை இறுகவும் இல்லாமல் தளரவும் இல்லாமல் பற்றி விடுவிப்பது அதன் விளிம்புகளே என்பது 2007இல் சோதனை வழியாகவே உறுதியானது. தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று ஒட்டிக்கொண்டால் விளிம்புகள் மறைந்துவிடும். அடுக்குவிட்டு அடுக்கு எலெக்ட்ரான் தாவுவதும் கடினம். கலப்பின் தேவை இங்கேதான் எழுகிறது: கிராஃபீன் தகடுகளைப் பிரித்து வைப்பதோடு மின்சாரத்தை விளிம்புவரை கொண்டு சேர்க்கிறது. 2011இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தினர் செய்த இத்தகைய கலப்பில், மின்னோட்டம் பத்து மடங்காக 41 மில்லிவோல்ட் கூடுதல் மின்னழுத்தம் போதுமானதாக இருந்தது. பிளாட்டினத்துக்கு ஏறத்தாழ 30; இந்த எண் குறையக் குறைய நல்லது.

இவை அமிலக் கரைசலில் கிடைத்த அளவுகள். காரக் கரைசலில் முதலில் நீர் மூலக்கூற்றையே உடைக்க வேண்டியிருப்பதால் வேகம் குறையும். நிக்கல் சேர்மங்களைச் சேர்ப்பது அதற்காகவே. பைக்காரா நீர்மின்சாரத்தில் இயக்கினாலும், நீரைப் பிரிக்கக் குறைந்தது 1.23 வோல்ட் வேண்டும் என்ற வரம்பை எந்த வினையூக்கியும் குறைக்காது. அதற்கு மேல் வீணாகும் மின்னழுத்தத்தை மட்டுமே குறைக்கும்.